இல்லாத எலக்ட்ரான்கள்

அக்காவுக்கு வெட்கம் வந்தால் பேனா கீழே விழும். விழாது, போடுவார். செமினாரில் யாராவது போர்டில் தப்பாக ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டால் போதும், முன்வரிசையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அக்கா குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார். எழுதியவர் தப்பைத் திருத்திக்கொள்ளும்வரை, இல்லாவிட்டால் யாராவது எழுந்து அவரை ஒரு பிடி பிடித்து முடிக்கும்வரை, அந்தப் பேனா கிடைக்கவே கிடைக்காது. தப்பு செய்த ஆள் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நிற்பார். காது மடல் சிவந்துபோய் நிமிர்ந்து உட்காருவது அக்காதான்.

"ஊரார் வெக்கத்தையெல்லாம் நீங்களே படறீங்களே, உங்களுக்கு இதுக்குத் தனியா அலவன்ஸ் குடுக்கறாங்களா?" என்று கேட்பேன்.

"சும்மா இருடி," என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

எனக்கு வெட்கம் பிறவியிலேயே கம்மி. தொண்ணூற்று மூன்றில் ஆம்பூரிலிருந்து கிளம்பி, லிங்கராஜபுரத்தில் சித்தி வீட்டு மாடியில் தங்கி, பெங்களூரில் உயர் மின்னழுத்தம் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு இடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாளே டைரக்டர் அறையை ஸ்டோர் ரூம் என்று நினைத்துக் கதவைத் தள்ளி உள்ளே போய், அவரிடமே பேப்பர் கட்டு கேட்டவள் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வராந்தாவில் நின்று இதைப் பார்த்த ஒரு அம்மாள்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர்தான் அக்கா. நாற்பதைத் தாண்டியவர், காட்டன் புடவை, தலையில் எப்போதும் ஒரு துண்டு கனகாம்பரம். ஆபீசில் எல்லாருக்கும் அவர் மேடம். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் மட்டும் அக்கா என்றேன். அவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேச்சில் தமிழ் எங்கே முடிந்து கன்னடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியாது.

எங்கள் வேலை கரோனா. அந்தக் காலத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் யாரும் தள்ளி உட்கார மாட்டார்கள். மழை தூறும்போது ஹைடென்ஷன் கம்பிகளுக்குக் கீழே நின்றால் மேலே ஏதோ பொரிகிற மாதிரி சத்தம் கேட்கும், அதுதான். கூர்மையான இடத்தில் மின்சாரம் காற்றுக்குள் கசிகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஊசியையும் ஒரு தட்டையும் எதிரெதிரே வைத்து, விளக்கை அணைத்து, மின்னழுத்தத்தை ஏற்றினால், ஊசி முனையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். அதிலிருந்து மெல்லிய ஒளி விழுதுகள் தட்டை நோக்கி ஓடும். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடி தடவை பிறந்து செத்துவிடக்கூடியவை. அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவைத்துப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. ஊசிக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை எலக்ட்ரான், அடுத்த நொடித்துணுக்கில் அவை எங்கே போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு ஓட்டம் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

அந்தக் கணக்கில் ஒரு மானக்கேடு உண்டு. எலக்ட்ரான் மிகக் குறைவாக இருக்கிற கட்டங்களில், கழித்துக் கழித்து, எண்ணிக்கை சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மைனஸ் எலக்ட்ரான். உலகத்தில் இல்லாத சரக்கு. அதைத் தொட்டு அடுத்த கட்டம் கெடும், அதைத் தொட்டு அடுத்தது, கடைசியில் திரை முழுக்கக் குப்பை எண்கள் ஓடி புரோகிராம் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது அறைக்குள் வந்தால் அக்கா முந்தானையை விரித்து மானிட்டரை மூடுவார். சத்தியமாக. குளிக்கிற இடத்தில் ஆள் வந்துவிட்ட மாதிரி பதறுவார்.

இந்த அவமானம் பொறுக்காமல்தான் அவர் புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருந்தார். எந்தக் கட்டத்திலும் எலக்ட்ரான் எண்ணிக்கை இந்தச் சின்ன எண்ணுக்குக் கீழே போனால், அந்தச் சின்ன எண்ணையே வைத்துக்கொள். அவ்வளவுதான். அந்த எண் அத்தனை சின்னது, இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. நான் அதற்கு உள்பாவாடை என்று பேர் வைத்தேன். வெளியே தெரியாது, இல்லாவிட்டால் மானம் போய்விடும். அக்கா நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரோடு வெளியே போவது ஒரு தண்டனை. ஒரு தடவை சிவாஜி நகர் பஸ்ஸில் டிக்கெட் வாங்காத ஒரு ஆளைப் பிடித்துக் கண்டக்டர் கன்னடத்தில் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். டிக்கெட் வாங்கிய அக்கா அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அவர் பின்னால் நானும் இறங்கி, மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தோம். எங்கள் அட்டெண்டர் மகள் கல்யாண ரிசெப்ஷன் ஸ்ரீராம்புரத்தில் நடந்தது. மைக் பிடித்த பையன் பாட்டு ஒரு பக்கமும் மேளம் ஒரு பக்கமுமாக இழுத்தான். அக்கா நாற்காலிகளுக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். செருப்பு காலிலேயே இருந்தது. எனக்கு எரிச்சல் பிடுங்கித் தின்றது. இவரோடு வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று பந்திப் பக்கம் நகர்ந்துபோனேன்.

சாப்பிடுவதும் அப்படித்தான். யார் முன்னாலும் அக்கா வாயைத் திறந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பழைய இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் போய்விடுவார். அங்கே நின்றபடியே, சுவரைப் பார்த்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். ஆபீசில் யாருக்காவது பிறந்த நாள் என்று கேக் வெட்டினால், தன் துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். "வீட்டுக்காரருக்கு இஷ்டம்," என்பார். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கு இனிப்பே ஆகாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இப்படிப்பட்டவர் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, வருஷக்கணக்கில் இழுத்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சின்ன முடிவு இல்லை. ஒளி விழுது முன்னேற வேண்டுமென்றால் அதன் முனைக்கு முன்னால் உள்ள காற்றில் ஏற்கெனவே கொஞ்சம் எலக்ட்ரான்கள் இருந்தாகவேண்டும். நிஜக் காற்றில் அந்த முனையின் வெளிச்சமே முன்னால் போய்க் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து வைக்கிறது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அந்த வெளிச்சத்தைக் கணக்கில் சேர்த்தால் கம்ப்யூட்டர் முழி பிதுங்கிவிடும். அக்கா அதைச் சேர்க்காமலே ஓடவிட்டார். விழுது ஓடியது! கூடத்தில் அளந்த மின்னோட்டத்தோடு அவருடைய கோடு அச்சாக ஒத்துப்போனது. எங்கள் ஊசிக்கும் எங்கள் இடைவெளிக்கும் வெளிச்சம் தேவையே இல்லை என்று எழுதினார். எங்கள் பிரிவுத் தலைவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வராந்தாவில் மாட்டினார். அக்கா அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டு மாடியேறி இறங்கிச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

ஆய்வேடு போய், பரீட்சகர்களின் அறிக்கை நல்லபடியாக வந்து, வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. பட்டம் வந்தால் அக்காவுக்குப் பதவி உயர்வு. அவருக்கு மேல் இருந்த நாற்காலி காலியாகி, இதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் புது மெஷின் வந்தது. பழைய டேப் அதில் ஏறவில்லை. அச்சிட்டு வைத்திருந்த தாள்களைப் பார்த்துப் புரோகிராமை நான் திரும்ப டைப் அடித்தேன். ஓடவிட்டோம். புது மெஷின் சீக்கிரமே பதில் சொன்னது. விழுது ஊசியிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போய், அணைந்துவிட்டது.

எங்கேயோ என் கைத்தப்பு. அக்காவின் பேனா அன்றைக்கு எத்தனை தடவை கீழே விழுந்தது என்று சொல்ல முடியாது. வரி வரியாகத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தோம். உள்பாவாடையில்தான். அந்தச் சின்ன எண்ணை இன்னும் ஆயிரம் மடங்கு சின்னதாக அடித்திருந்தேன். திருத்தி ஓடவிட்டேன். விழுது குடுகுடுவென்று தட்டுவரை ஓடியது.

"சரியாயிடுச்சுக்கா!" என்று கை தட்டினேன்.

அக்கா திரையையே பார்த்தார். பேனா கையில் அப்படியே இருந்தது.

"மறுபடி அந்தத் தப்பைப் போடு," என்றார்.

"எதுக்குக்கா?"

"போடேன்."

போட்டேன். விழுது பாதியில் செத்தது. "இப்ப பெரிசா போடு." போட்டேன். முன்னைவிட வேகமாக ஓடியது. இன்னும் பெரிதாக்கினால் இன்னும் வேகம். இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று நினைத்த எண் அது. வெளிச்சம் செய்யவேண்டிய வேலையை அதுதான் செய்துகொண்டிருந்தது. காற்றில் இல்லாத எலக்ட்ரான்களை ஒவ்வொரு கட்டத்திலும் நாங்களே தூவிவைத்து, அதைத் தின்று விழுது ஓடியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறோம். அளந்த மின்னோட்டத்தோடு ஒத்துப்போனதும் அக்கா முதலில் தேர்ந்தெடுத்த எண்ணின் அதிர்ஷ்டம்தான். வெளிச்சம் தேவையில்லை என்ற முடிவு அடியோடு போயிற்று.

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அக்கா முந்தானையை எடுத்து மானிட்டரை மூடினார்.

மறுநாள் தலைவரிடம் சொன்னார். நானும் கூட இருந்தேன். தலைவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். முதலில் முகம் வெளுத்தார், அப்புறம் சமாளித்துக்கொண்டார். "சும்னிரி மேடம், சும்மா இருங்க. இது எல்லாரும் போடறதுதானே? பரீட்சைக்கு வர்றவரு கேக்கலை, நீங்க ஏன் சொல்லணும்? டிகிரி வரட்டும். ஆமேலே ஒரு பேப்பர் எழுதி சரி பண்ணிக்கலாம்."

"சரி சார்," என்றார் அக்கா. எது சொன்னாலும் அவர் சொல்கிற பதில் அதுதான்.

தலைவர் சொன்னதில் எனக்கும் தப்பு தெரியவில்லை. சாயங்காலம் அக்காவோடு அல்சூர் ஏரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏரி வந்ததும், "மைனஸ் வருதேன்னு வெக்கப்பட்டுத்தான் அதைப் போட்டேன்," என்றார். "வந்தா வரட்டும், படுத்தா படுக்கட்டும்னு விட்டிருக்கணும். அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"விடுங்கக்கா. பரீட்சை அன்னிக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"நான் என்னத்த பண்ணப்போறேன்? எனக்கு நாலு பேர் முன்னால வாயே வராது," என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாய்மொழித் தேர்வு எல்லாரும் வந்து உட்கார்ந்து கேட்கும்படி நடக்கும். முடிந்ததும் பக்கத்து அறையில் டிபன். நம் ஊர்க் கேசரிதான் அங்கே கேசரிபாத், உப்புமா காராபாத், கூடவே உளுந்து வடை. இதில் கேசரிபாத்தை மட்டும் பட்டம் வாங்கியவர் தன் கையாலேயே ஒவ்வொருவர் தட்டிலும் வைக்கவேண்டும். வைக்க வைக்க ஒவ்வொருவரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே நகர்வார்கள். யாரும் ஃபெயிலானதில்லை என்பதால் டிபனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மல்லேஸ்வரத்தில் ஒரு சமையல்காரரைப் பிடித்து, முந்திரி தாராளமாகப் போடச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா பேசியது முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாக புரொஜெக்டரில் வைத்துக்கொண்டே போனார். வராந்தாவில் மாட்டிய அந்தப் படம் வந்தது. சுவரில் ஒரே ஒரு கோடு. மும்பையிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர் தலையை ஆட்டினார். அவர் தன் அறிக்கையில் இந்த முடிவைத்தான் ரொம்பவும் புகழ்ந்து எழுதியிருந்தார். அக்கா அந்தத் தாளை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு தாளை வைத்தார். சுவரில் இரண்டு கோடு. இன்னொன்று வைத்தார். ஒன்று பாதியில் சாகிற கோடு, ஒன்று தலைதெறிக்க ஓடுகிற கோடு.

"இவை மூன்றும் ஒரே காற்று, ஒரே ஊசி," என்று இங்கிலீஷில் சொன்னார். குரல் இப்போது கடைசி வரிசைவரை கேட்டது. "மாற்றியது நான் போட்ட ஒரு எண்ணை மட்டும். ஆகையால் இந்த முடிவு காற்றைப் பற்றியது இல்லை. என் எண்ணைப் பற்றியது. இது தவறு."

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா இல்லை. தலைவர். அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பேனா தேடிக்கொண்டிருந்தார். வெளிப் பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் துணி துவைக்கிற மாதிரி துடைத்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு முழுக்க எரிந்தது. வெட்கம் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக இன்னும் கூசியது.

பரீட்சகர் கடைசியில் கேட்டார். "அப்படியானால் இந்த ஆய்வேட்டில் மிச்சம் என்ன இருக்கிறது?"

அக்கா யோசித்தார். "முதல் இரண்டு அத்தியாயம் சார். அதிலும் முதலாவது மற்றவர்கள் செய்ததன் சுருக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா நன்றி சொல்லித் தாள்களை அடுக்கினார். கூடமே குனிந்து உட்கார்ந்திருந்தபோது, கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆள் கை தட்டும் சத்தம் கேட்டது. பாவம், வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது. மனைவி பேசி முடித்தாள், நன்றாகத்தான் பேசினாள் என்று தட்டினார். கூட யாரும் தட்டாததைப் பார்த்து மெல்ல நிறுத்திக்கொண்டார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எப்போதாவது ஞாபகத்துக்கு வந்தால் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சகர்கள் பேசினார்கள். வெளிச்சத்தைச் சேர்த்து முழுக்கத் திரும்பச் செய்து, மறுபடி எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவு. அக்கா அதைச் செய்தார். விழுது ஓடத்தான் செய்தது, முன்போல அத்தனை அழகாக இல்லை, அளந்த கோட்டோடு அச்சாகவும் ஒத்துப்போகவில்லை. பட்டம் இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்தது. காலியாக இருந்த நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்து, பழசாகியும் போயிருந்தார். நான் அப்போது சாப்ட்வேர் கம்பெனிக்கு மாறிவிட்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது பரீட்சை அன்றைய டிபனைப் பற்றி. கதவைத் திறந்து வெளியே வந்தால் நெய் வாசனை மூக்கைத் துளைக்கிறது. சமையல்காரரின் ஆள் தட்டுகளை அடுக்கிவிட்டு, கேசரிபாத் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஸ்வீட் குடுக்கறது யாரு மேடம்?" என்று கூவினான். எல்லாரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றோம். போய்விடவும் முடியவில்லை. வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "ஏம்மா, பாஸ்தானே?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"அது வந்துண்ணா..." என்று நான் விழித்தேன்.

"இல்லைங்க," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் பண்ண தப்பை நானே சொல்லிட்டேன். மறுபடி எழுதணும்."

அவர் மனைவியைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். "அப்ப இது?"

"சமையலுக்குச் சொல்லியாச்சே. வீணாப் போகணுமா?" என்று சொல்லிவிட்டு அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தார்.

வரிசையாகப் போனோம். வாழ்த்து என்று சொல்லமுடியாது, வருத்தம் என்றும் சொல்லமுடியாது. தலைவர் "தேங்க்யூ" என்றார். வெளிப் பரீட்சகர் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். நான் "கொஞ்சமா வைங்கக்கா" என்றேன். அக்கா ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு கரண்டி நிறைய வைத்தார். முந்திரி நிறைய வரும்படி பார்த்து வைத்தார். எல்லாரும் தட்டை வாங்கிக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், மூலைக்கு ஒருவராகத் திரும்பி நின்றுகொண்டோம்.

வரிசை முடிந்ததும் அக்கா தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டார். கனகாம்பரம் ஆட, அதை எடுத்துக்கொண்டு பீரோச் சந்துக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அறையின் நடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்று, வாயை நன்றாகத் திறந்து ஒரு வாய் போட்டார். மென்றார். இன்னொரு வாய் போட்டார். உதட்டோரம் நெய் ஒட்டியிருந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தட்டு காலியானதும் பரிமாறுகிற ஆளிடம் நீட்டினார்.

"நல்லா இருக்குப்பா," என்றார். "இன்னும் கொஞ்சம் போடு."

என் தட்டில் அவர் வைத்த கேசரிபாத் அப்படியே இருந்தது.